டெல்டாவிலிருந்து எந்த மலைக்கு? காரில் போகும் கோடைப் பயணத்துக்கு ஓர் ஒப்பீடு

சம்பா அறுத்த வயலில் தெளித்த உளுந்தும் பயறும் வீடு வந்து சேர்ந்ததும், தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, மேட்டூர் திறக்க ஜூன் 12 ஆகும், ஆற்றில் மணல்தான் தெரிகிறது, எங்கேயாவது மலைக்குப் போய்விட்டு வரலாமே என்று. அடுத்த வார்த்தை ஊட்டியா, கொடைக்கானலா என்பதாக இருக்கும்.

அந்த இரண்டுக்குள்ளேயே தேர்வை அடைத்துவிடுவது நமக்குச் சரிப்படாது என்பது என் கருத்து. கோவைக்காரருக்கும் மதுரைக்காரருக்கும் மலை பக்கத்திலேயே நிற்கிறது. நாமோ அக்கினி நட்சத்திர வெயிலில் திருச்சியையும் கரூரையும் தாண்டினால்தான் அடிவாரத்தைப் பார்க்க முடியும். ஆகவே உச்சியில் என்னென்ன பார்க்கலாம் என்பதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வெயில் ஏறுவதற்குள் அடிவாரத்துக்குப் போய்ச் சேர முடியுமா? அங்கிருந்து ஏறி இறங்கும் சாலை, சமவெளியிலேயே ஓட்டிப் பழகிய கைக்கு ஒத்துவருமா? இந்த இரண்டையும் வைத்துத்தான் கீழே ஒவ்வொரு மலையையும் எடை போட்டிருக்கிறேன்.

தூரமெல்லாம் தஞ்சாவூரிலிருந்து, தோராயமாகச் சொல்கிறேன். கொல்லிமலை 195 கிலோமீட்டர், ஏற்காடு 230, கொடைக்கானல் வத்தலக்குண்டு வழியாக 250, பழனி வழியாக 280, வால்பாறை 340, உதகை 355. கும்பகோணத்தார் இதோடு 40 கூட்டிக்கொள்ளுங்கள்; நாகப்பட்டினத்தார் 85. மயிலாடுதுறைக்காரர்களுக்கு உதகை ஒரே நாளில் 400 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். சின்னப் பிள்ளைகளையும் வயதானவர்களையும் வைத்துக்கொண்டு மே மாதத்தில் அது பெரிய தூரம்.

குளிர் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கும் எளிய கணக்கு இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். திருச்சியில் 40 டிகிரி அடிக்கும் பகலில், 1,200 மீட்டர் உயரமுள்ள கொல்லிமலை மேட்டில் 32 இருக்கும். 1,500 மீட்டர் ஏற்காட்டில் 30. 2,100 மீட்டருக்கு மேலிருக்கும் கொடைக்கானலில் 26-ஐ ஒட்டி. உதகையில் அதைவிட ஒரு டிகிரி குறைவு. மேகமும் காடும் சேர்ந்து இதை இன்னும் கொஞ்சம் இறக்கும். ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளும் குளிர்தான் வேண்டுமென்றால் கடைசி இரண்டைத் தவிர வேறு வழியில்லை. மின்விசிறி இல்லாமல் இரவு தூங்கினால் போதும் என்பவர்களுக்கு எல்லா மலையும் சரிதான்.

உதகையும் கொடைக்கானலும்

இரண்டுக்கும் பொதுவான கட்டுப்பாடு ஈ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7-ஆம் தேதி இது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் இன்னும் இறுக்கினார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. பாஸுக்குக் காசு கிடையாது. வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி, எங்கே தங்குகிறீர்கள் என்று இணையத்தில் பதிந்தால் கைபேசிக்கே வந்துவிடும். ஆனால் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால், சனிக்கிழமை காலை கிளம்பலாம் என்று வெள்ளிக்கிழமை இரவு முடிவெடுக்கும் பழக்கம் இனி உதவாது. விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. அறை போடுவதற்கு முன்பே அந்த ஆண்டு நிலவரத்தைப் பார்த்துவிட்டு பாஸை எடுத்துவிடுங்கள். செவ்வாய் ஏறி வியாழன் இறங்குவது மாதிரி திட்டமிட்டால் பாஸும் கிடைக்கும், சாலையும் காலியாக இருக்கும். விவசாயக் குடும்பங்களுக்கு வார இறுதி என்ற கட்டாயம் இல்லை. அந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

உதகைக்குக் காரில் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மலையில் குறை ஒன்றும் இல்லை, வழிதான் காரணம். திருச்சியிலிருந்து கரூர், காங்கேயம், பல்லடம், கோவை, மேட்டுப்பாளையம் என்று ஊருக்கு ஊர் நின்று போக வேண்டும். நாட்டின் வெப்பப் பட்டியலில் கரூர் பரமத்தியின் பெயர் எத்தனை முறை வருகிறது என்பது செய்தி கேட்பவர்களுக்குத் தெரியும். அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினாலும் மேட்டுப்பாளையம் சேரும்போது உச்சிவெயில் நெருங்கிவிடும். அதற்குமேல் 14 கொண்டை ஊசி வளைவுகள், சீசன் கூட்டம். சீசனில் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கும் ஒருவழி ஏற்பாடு இருப்பதால் நம் விருப்பப்படி பாதையை மாற்றிக்கொள்வதும் சிரமம்.

ஆனால் உதகையின் மலை ரயிலுக்கு ஈடு தமிழ்நாட்டில் எந்தச் சாலையும் இல்லை. 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் போட்ட பாதை. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர். 16 சுரங்கம், 208 வளைவு. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள பல்சட்டத்தைப் பல்சக்கரம் கவ்விப் பிடித்து ஏறும். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆகவே உதகையை ரயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, கரூர் வழியாகக் கோவைக்கு ஜன சதாப்தி ஓடுகிறது. அதில் போய் மேட்டுப்பாளையத்தில் ஓர் இரவு தங்கினால், காலை ஏழு மணியை ஒட்டிக் கிளம்பும் மலை ரயிலைப் பிடிக்கலாம். இடம் முன்பே பதிவு செய்தாக வேண்டும். மே மாதத்துக்கு வெகு சீக்கிரம் நிரம்பிவிடும்.

காரில் போக வேண்டிய உயர்ந்த மலை கொடைக்கானல். நாகப்பட்டினத்தில் புறப்படும் 83-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தஞ்சாவூர், திருச்சி, திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி என்று போய்க் கோவையில் முடிகிறது. வழி கேட்கவே தேவையில்லை. நான்கு மணிக்குத் தஞ்சாவூரை விட்டால் ஏழு மணிக்குத் திண்டுக்கல். அதன்பின் வத்தலக்குண்டு, பழனி என்று இரண்டு வழி இருக்கிறது. பெரும்பாலோர் கிட்டத்தில் இருக்கிறதென்று வத்தலக்குண்டு வழியாகவே ஏறி, அதிலேயே இறங்குகிறார்கள். நான் சொல்வது: பழனி வழியாக ஏறுங்கள், வத்தலக்குண்டு வழியாக இறங்குங்கள்.

காரணம் இருக்கிறது. பழனிச் சாலை குறுகல், வளைவு அதிகம், ஆனால் போக்குவரத்து குறைவு. பழக்கமில்லாத கைக்கு ஏற்றம் எளிது. வண்டியின் வேகம் தானாகவே கட்டுப்படும். இறக்கம்தான் சோதனை. அதற்கு வத்தலக்குண்டுப் பக்கத்து அகலமான சாலை வேண்டும். இன்னொன்று காட்சி. பழனி அடிவாரத்தில் வரதமாநதி அணையை ஒட்டித்தான் சாலை ஏறத் தொடங்குகிறது. நாலைந்து வளைவு ஏறிவிட்டுத் திரும்பினால் அணை, தென்னந்தோப்பு, அதற்கப்பால் பழனிக் குன்று எல்லாம் காலடியில் விரியும். இந்தச் சரிவில் பெய்யும் மழை சண்முகநதியாகி, அமராவதியில் கலந்து, கரூர் அருகே திருமுக்கூடலூரில் காவிரியைச் சேர்கிறது. அதாவது நம் வாய்க்காலுக்கு வரும் தண்ணீரில் ஒரு பங்கு இங்கே பிறக்கிறது. பிள்ளைகளுக்கு அணையைக் காட்டி இதைச் சொல்லுங்கள். இறங்கும் வழியில் டம்டம் பாறையில் நிறுத்தினால் தலையாறு அருவியும் மஞ்சளாறு அணையும் தெரியும். அந்தத் தண்ணீர் வைகைக்குப் போகிறது. ஒரே மலை இரண்டு ஆற்றுக்குப் பிரித்துக் கொடுப்பதை ஏறியும் இறங்கியும் பார்த்துவிடலாம்.

ஊருக்குள் ஏரிக்கரையிலேயே பொழுதைக் கழித்தால் கொடைக்கானல் வெறும் நெரிசலாகத்தான் மனதில் நிற்கும். மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் உண்டாக்கிய ஏரி அது. அதிகாலையில் ஒரு சுற்று நடந்தால் போதும். மீதி நேரத்தைப் பூம்பாறைக்குக் கொடுங்கள். படிக்கட்டாக இறங்கும் பூண்டு வயல்களும் குழந்தை வேலப்பர் கோயிலும், வயலோடு வாழும் நமக்கு எந்தப் பூங்காவையும்விட நெருக்கமாக இருக்கும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு; வாங்கி வாருங்கள். படிக்கிற பிள்ளைகள் இருந்தால் சூரிய ஆய்வகத்தைச் சொல்லுங்கள்: சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி நகர்வதை எவர்ஷெட் என்ற வானியலாளர் 1909-இல் கண்டறிந்தது அங்கேதான். குறிஞ்சி பார்க்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். 2018-இல் பூத்தது, இனி 2030.

தங்குவதற்கு இன்னொரு யோசனை. பெரிய ஊரை விட்டுவிட்டுக் கீழ்மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் தங்குங்கள். காப்பி, மிளகு, மலைவாழைத் தோட்டங்கள், கல்திட்டைகள், பாலமுருகன் கோயில், கூட்டமில்லாத சாலைகள். குளிர் கொஞ்சம் குறைவு, நிம்மதி நிறைய. ஒரு பகல் மட்டும் மேலே போய் வரலாம். கீழ்மலையில்தானே தங்குகிறோம் என்று பாஸ் எடுக்காமல் கிளம்பிவிட வேண்டாம்.

இரண்டு மலையிலும் பிளாஸ்டிக் கெடுபிடி உண்டு. ஐந்து லிட்டருக்குக் குறைந்த தண்ணீர் பாட்டிலோடு போனால் சோதனைச்சாவடியில் நிற்க வேண்டிவரும். எவர்சில்வர் கூஜாவிலோ பெரிய கேனிலோ வீட்டுத் தண்ணீரே எடுத்துப் போவது நல்லது.

கொல்லிமலையும் ஏற்காடும்

கையில் இரண்டே நாள், செலவும் சுருக்கம் என்றால் போட்டி இந்த இரண்டுக்கும்தான். உதகை, கொடைக்கானல் மாதிரி நாளுக்கு இத்தனை வண்டி என்ற வரம்பு இங்கே இல்லை.

கொல்லிமலைக்குப் போகும் சமவெளி வழியே ஓர் அழகு. திருச்சியிலிருந்து காவிரியின் வடகரையைப் பிடித்து முசிறி, தொட்டியம் வழியாக நாமக்கல் போகும் சாலையில் வாழைத் தோட்டமும் வெற்றிலைக் கொடிக்காலும் கூடவே வரும். நாமக்கல் சேரும்போது காலை எட்டு மணி. ஆஞ்சநேயரைக் கும்பிட்டு, இட்லி சாப்பிட்டு, சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரம். அங்கே தொடங்குகிறது 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருப்பார்கள். பிள்ளைகள் சத்தம் போட்டு எண்ணிக்கொண்டே வருவார்கள், நாற்பதைத் தாண்டினால் சிலர் வாந்தியும் எடுப்பார்கள். ஏறுவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். தலைசுற்றுகிறவர்களை முன் இருக்கையில் உட்கார வையுங்கள், கைபேசியை வாங்கி வைத்துவிடுங்கள், எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும்.

மேலே சோளக்காடு, செம்மேடு. பலா, அன்னாசி, மலைவாழை, மிளகு, தேன் எல்லாம் விளைந்த இடத்திலேயே கிடைக்கும். சாமையும் தினையும் இன்னும் பயிராகும் மலை இது. சங்கப் பாட்டில் வரும் வல்வில் ஓரியின் நாடு. அறப்பளீசுவரர் கோயிலுக்குப் பக்கத்தில் ஆகாயகங்கை. ஆனால் இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கி, அதே படியை ஏறி வர வேண்டும். முழங்கால் வலி உள்ள அம்மாவையோ அத்தையையோ அங்கே கூட்டிப் போகாதீர்கள்; கோயிலில் உட்காரட்டும். மே மாதத்தில் தண்ணீரும் ஒல்லியாகத்தான் விழும். கோடை மழை பெய்த மறுநாள் அமைந்தால் உங்கள் அதிர்ஷ்டம். மாசிலா அருவிக்கு இவ்வளவு சிரமம் இல்லை.

ஏற்காடு இதற்கு நேர் எதிர். சேலத்திலிருந்து 32 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, அகலமான சாலை, எல்லா விலைக்கும் விடுதி, கீழே பெரிய ஊரில் பெரிய ஆஸ்பத்திரி. கைக்குழந்தையோ மருந்து மாத்திரையோடு வாழும் பெரியவரோ உடன் வந்தால் இந்த வசதிகள் சாதாரணமானவை அல்ல. ஏரியும் பகோடா முனையும் சேர்வராயன் கோயிலும் ஒரு நாளில் பார்த்துவிடலாம். மே மாதக் கோடை விழா நாட்களில் மட்டும் போகாதீர்கள். ஏரிக்கரையில் வண்டி நிறுத்தவே இடம் இருக்காது.

ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் கொல்லிமலையைத்தான் சொல்வேன். சாலையின் அழகுக்காகப் போகிற பயணத்தில் சாலையே பரிசாக அமைவது அங்கேதான். மூன்று நாள் இருந்தால் இரண்டையும் இணைக்கலாம். காரவள்ளி வழியாக ஏறி ஓர் இரவு தங்கி, மறுநாள் வளைவு குறைந்த முள்ளுக்குறிச்சிச் சாலையில் இறங்கினால் நாமகிரிப்பேட்டை, ராசிபுரம், சேலம், மதியச் சாப்பாட்டுக்கு ஏற்காடு. குறைந்த தூரத்தில் இவ்வளவு கிடைக்கும் சுற்று டெல்டாக்காரருக்கு வேறில்லை.

வால்பாறை

மலைச்சாலை ஓட்டப் பழகியவருக்கு வால்பாறைதான் முதலிடம். ஆழியாறு அணையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாம் வளைவுக் காட்சிமுனையில் நின்றால் கீழே அணையின் நீர்ப்பரப்பு முழுதும் தெரியும். பாறைச் சரிவில் வரையாடு நிற்பதையும் பல நேரம் பார்க்கலாம். மேலே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சோலைக்காட்டுத் துண்டுகள், அவற்றில் சிங்கவால் குரங்கு. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். உயரம் கொல்லிமலை அளவுதான், ஆனால் காடும் மேகமும் சேர்ந்து இன்னும் குளிர்ச்சியாக இருக்கும்.

தூரம்தான் குறை. ஒரே மூச்சில் போனால் ஓட்டுநர் களைத்த பிறகுதான் வளைவு தொடங்கும், அது கூடாது. பழனியிலோ பொள்ளாச்சியிலோ ஓர் இரவு தங்கி, காலையில் ஏறுங்கள். இறங்கும்போதும் வெளிச்சம் இருக்கும்போதே ஆழியாறு சோதனைச்சாவடியைத் தாண்டிவிடுங்கள். இருட்டியபின் அது யானைகள் நடமாடும் பாதை. 2025 நவம்பர் முதல் இங்கேயும் ஈ-பாஸ் வந்துவிட்டது. நான்கு நாளுக்குக் குறைந்தால் வேண்டாம். ஜூன் பிறந்துவிட்டாலும் வேண்டாம், தென்மேற்குப் பருவமழை அந்த மலையில் கொட்டித் தீர்க்கும்.

ஓட்டுநருக்கு

எந்த மலையைத் தேர்ந்தெடுத்தாலும் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரம். அங்கிருந்து நாகப்பட்டினக் கடற்கரை வரை 85 கிலோமீட்டர் தூரத்தில் இறங்குவது அவ்வளவுதான். காரவள்ளியிலிருந்து சோளக்காடு போகும்போது அதைப்போலப் பதினைந்து மடங்கை இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் ஏறுகிறோம். இருபது வருடம் வண்டி ஓட்டியவராக இருந்தாலும், பாலத்து ஏற்றத்தைத் தவிர வேறு ஏற்றம் பார்க்காத கைக்கு மலை புதுசு.

எந்த கியரில் ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். இரண்டாவது கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால் பத்து வளைவுக்குள் பிரேக் சூடாகிப் பிடிப்பு குறையும். கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் வண்டியைத் தாழ்ந்த கியரிலேயே ஓட வைக்கும் முறையை வீட்டிலேயே பழகிக்கொள்ள வேண்டும். ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி; இறங்குகிறவர் ஒதுங்கி நிற்பது மரியாதை மட்டுமில்லை, சட்டமும் அதுதான். திருப்பத்தில் ஹாரன் அடியுங்கள், எதிர்ப்பக்கத்துக்கு ஏறிக் குறுக்கே வெட்டாதீர்கள். பேருந்து திரும்பும்போது முழு வளைவையும் அதற்கே விட்டுவிட்டுக் கீழேயே காத்திருங்கள். சின்னக் காரில் ஐந்து பேரும் மூட்டையும் ஏறினால், செங்குத்தான இடத்தில் ஏ.சி.யை நிறுத்துங்கள், ஜன்னலைத் திறந்தாலே மலைக்காற்று வரும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு பிரேக், டயர், கூலன்ட் மூன்றையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். முதல் முறை என்றால் மலை தெரிந்த ஓட்டுநர் ஒருவரைக் கூட்டிப் போவதில் கூச்சமே வேண்டாம்.

மே மாதத்தில் பிற்பகல் இடிமழை எந்த நாளும் வரலாம். ஏறுவது, இறங்குவது இரண்டையும் மதியத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

தலைக்காவிரி?

டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இந்த ஆசை வராமல் இருக்காது. ஆறு தொடங்கும் இடத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும், பார்க்கவும் தகும். ஆனால் கோடைப் பட்டியலில் இதைச் சேர்க்காதீர்கள். குடகின் பிரம்மகிரியில் 1,276 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம்மிடமிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். மே மாதத்தில் ஆற்றில் தண்ணீர் குறைவாக இருக்கும். ஆடிப்பெருக்குக்குப் போகலாம் என்றால் குடகில் அது கடும் மழைக்காலம். 2020 ஆகஸ்டில் அந்தப் பிரம்மகிரியே சரிந்து உயிர்களைக் கொண்டுபோனது.

ஏற்ற மாதம் ஐப்பசி. துலா மாதப் பிறப்பன்று தலைக்காவிரித் தீர்த்தக் குளத்தில் ஊற்று பொங்கும் என்று கூட்டம் கூடும். இங்கே மயிலாடுதுறையில் துலாக் கட்ட நீராடலும் அந்த மாதம்தான். பிறப்பு நாளின் நெரிசலைத் தவிர்த்து ஒரு வாரம் கழித்துப் போங்கள். மலையெல்லாம் பச்சை, பாகமண்டலத்தில் மூன்று ஆறும் கூடும் இடத்தில் தண்ணீர் நிறைந்திருக்கும். போகும்போது மேட்டூர், கொளத்தூர், பாலாறு, மாதேஸ்வரன் மலை, கொள்ளேகால், மைசூர் என்று முடிந்தவரை ஆற்றையே பிடித்துப் போகலாம். திரும்பும்போது சாமராஜநகர், திம்பம், சத்தியமங்கலம் வழி. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை அந்தச் சாலையை மூடிவிடுவார்கள். மைசூரை மதியத்துக்கு முன்பே விட்டுக் கிளம்பினால் வெளிச்சத்திலேயே இறங்கி, சத்தியமங்கலத்தில் இரவு தங்கிக்கொள்ளலாம்.